கனப்பது காலா, கிளட்சா?

புதுக் கார் வாங்கினால் மஞ்சள் குங்குமம் வைத்து, சக்கரத்தடியில் எலுமிச்சம்பழம் நசுக்கி, பூசணிக்காய் உடைத்து, திருஷ்டி கழித்துத்தான் தெருவில் இறக்குகிறோம். அன்றோடு காரின் பொறுப்பு தீர்ந்தது. அதற்குப் பிறகு எது கெட்டாலும் குற்றம் ஓட்டுகிறவர் தலையில்தான். பெட்ரோல் அதிகம் குடித்தால், "ஓட்டத் தெரியவில்லை." பிரேக் கீச்சிட்டால், "மிதிக்கத் தெரியவில்லை." ஓட்டுகிறவர் பெண்ணாக இருந்துவிட்டாலோ கேட்கவே வேண்டாம். தீர்ப்பை எழுதி வைத்துவிட்டுத்தான் விசாரணையையே ஆரம்பிப்பார்கள்.

இந்தப் பகுதிக்கு வந்த கடிதங்களில் ஒன்று இதைத்தான் நினைவுபடுத்தியது. எழுதியவர் சென்னை வாசகி.

"எனக்கு வயது நாற்பத்தேழு. பன்னிரண்டு வருஷமாகக் கார் ஓட்டுகிறேன். மூன்று மாதமாகக் கிளட்ச்சை மிதித்தால் இடது முழங்கால் விண் விண்ணென்று வலிக்கிறது. 'வயதாகிவிட்டது, இனிமேல் நீ ஓட்ட வேண்டாம்' என்கிறார் என் கணவர். 'ஆட்டோமாட்டிக் கார் வாங்கிவிடலாம் அம்மா' என்கிறான் பிள்ளை. ஒர்க்‌ஷாப்பில் காட்டினால், வண்டியைத் தொட்டுக்கூடப் பார்க்காமல், 'கிளட்ச் செட் பூராவும் மாற்ற வேண்டும்' என்றார்கள். வாரம் மூன்று நாள் என் மாமியாரைப் பிசியோதெரபிக்கு அழைத்துப் போகிறவள் நான். எனக்குத் தெரிய வேண்டியது ஒன்றுதான். கெட்டுப் போயிருப்பது என் காலா, காரா?"

ஒருவர் காலுக்கு ஓய்வு கொடுக்கச் சொல்கிறார். ஒருவர் காருக்கு ஓய்வு கொடுக்கச் சொல்கிறார். மூன்றாமவர் பணப்பைக்கு ஓய்வே கொடுக்க மாட்டேன் என்கிறார். இந்த மூவரில் ஒருவராவது 'ஏன் கனக்கிறது?' என்று கேட்டாரா? இல்லை! கேட்டவர் அந்த அம்மாள் ஒருவர்தான். ஆகவே அவருடைய கேள்வியையே நாமும் பிடித்துக் கொள்வோம்.

கிணற்றில் தண்ணீர் இறைத்த அநுபவம் உள்ளவர்களுக்கு இந்த விஷயம் லேசாகப் புரிந்துவிடும். நேற்று வரை சுலபமாக வந்த குடம் இன்று கனக்கிறது என்று வைத்துக் கொள்ளுங்கள். காரணம் நாலு இடத்தில் இருக்கலாம். இறைக்கிறவள் கை சோர்ந்திருக்கலாம். ராட்டினம் துருப்பிடித்திருக்கலாம். கயிறு பிரிந்து ராட்டினத்தின் ஓரத்தில் சிக்கியிருக்கலாம். அல்லது குடமே கனம் கூடியதாக இருக்கலாம். நாலுக்கும் கையில் தெரிகிற வலி ஒன்றுதான். ஆனால் வைத்தியம் வேறு வேறு. ராட்டினத்துக்கு ஒரு சொட்டு எண்ணெய் போதும் என்கிற இடத்தில் குடத்தை மாற்றுகிறவரை என்னவென்று சொல்வது?

கிளட்ச்சும் இதேதான். உங்கள் கால், பெடல், கயிறு, குடம் என்று நாலு இடம். கயிற்றுக்குப் பதில் அங்கே ஒரு கேபிள் இருக்கிறது, அல்லது எண்ணெய்க் குழாய் இருக்கிறது. குடத்துக்குப் பதில் கியர் பாக்ஸை ஒட்டினாற்போல் ஒரு கூட்டுக்குள் கிளட்ச் உட்கார்ந்திருக்கிறது.

அந்தக் கூட்டுக்குள் என்ன நடக்கிறது? அதிரசத்தை எண்ணெயிலிருந்து எடுத்து இரண்டு தட்டைக் கரண்டிகளுக்கு நடுவில் வைத்து அழுத்துகிறோம் அல்லவா? எஞ்சினோடு சுழலும் பிளைவீல் ஒரு கரண்டி. பிரஷர் பிளேட் என்பது இன்னொரு கரண்டி. நடுவில் அகப்பட்டுக் கொண்ட அதிரசம்தான் கிளட்ச் பிளேட். அழுத்தம் இருக்கும் வரை மூன்றும் சேர்ந்து சுழலும். எஞ்சினின் சக்தி சக்கரத்துக்குப் போகும். நீங்கள் பெடலை மிதித்தால் கரண்டி விலகும், அதிரசம் தனியாக நிற்கும், கியரை மாற்றலாம். அந்த அழுத்தத்தைக் கொடுப்பது, தாம்பாளம் மாதிரி லேசாகக் குழிந்த ஓர் உருக்கு வில். அதன் நடுவிலிருந்து விரல் விரலாகப் பிளந்திருக்கும். உங்கள் கால் கடைசியில் போய் அழுத்துவது இந்த விரல்களைத்தான். இடையில் ரிலீஸ் பேரிங் என்று ஒன்றும், அதைத் தள்ள ஒரு ஃபோர்க்கும் உண்டு.

இவ்வளவு தெரிந்தால் போதும். இனிமேல் காலிலிருந்து புறப்பட்டு ஒவ்வொரு இடமாக விசாரித்துக் கொண்டே போகலாம்.

முதலில் கால். இதைச் சொல்வதால் நானும் அந்தக் கணவர் கட்சி என்று நினைத்துவிடாதீர்கள். நியாயமான விசாரணை என்றால் எல்லோரையும்தான் கூண்டில் ஏற்ற வேண்டும். மாடிப்படி ஏறும்போதும், தரையில் உட்கார்ந்து எழுந்திருக்கும்போதும் அதே முழங்கால் வலிக்கிறதா? அப்படியானால் மெக்கானிக்கைப் பார்க்கும் முன் டாக்டரைப் பாருங்கள். கார் ஓட்டும்போது மட்டும்தான் வலி என்றால், ஸீட்டைக் கவனியுங்கள். பெடலை அடிவரை மிதித்த நிலையிலும் முழங்கால் சற்றே மடங்கியிருக்க வேண்டும். கால் விறைத்து நீண்டுவிட்டால் ஸீட் பின்னால் போயிருக்கிறது என்று அர்த்தம். வீட்டில் உயரமான ஒருவர் வண்டியை எடுத்துவிட்டு ஸீட்டைத் திரும்பத் தள்ளாமல் விட்டுவிடுவது உண்டு. இன்னும் ஒரு சோதனை: அதே ரகத்து வேறு காரில் உட்கார்ந்து கிளட்ச்சை ஐந்தாறு முறை மிதித்துப் பாருங்கள். அங்கே லேசாக இருந்தால் உங்கள் கால் நிரபராதி!

இரண்டாவது, பெடல். குனிந்து பாருங்கள். மழைக்காலத்தில் மிதியடி மேல் மிதியடி போட்டு, அது சுருண்டு பெடலுக்கு அடியில் போயிருக்கலாம். அதை எடுத்துவிட்டாலே பாதிப் பேருடைய வியாதி தீர்ந்துவிடும் என்று சொல்ல ஆசைதான். அவ்வளவு பேருக்கு அதிர்ஷ்டம் கிடையாது. பெடல் மேலே ஓர் அச்சில் தொங்குகிறது. அந்த அச்சிலுள்ள புஷ் வறண்டு போனால், மிதிக்கும்போது காலருகிலேயே 'கிரீச்' என்று சத்தம் வரும். சில வண்டிகளில் கால் பாரத்தைக் குறைக்கவே பெடலோடு ஒரு ஸ்பிரிங் வைத்திருப்பார்கள். அது கழன்று விழுந்தால் ஒரே நாளில் பெடல் கனத்துப் போகும்.

மூன்றாவது, கயிறு. மாருதி 800 போன்ற சின்னக் கார்களில் இருப்பது கேபிள். மெக்கானிக் கடைப் பையன்கள் இதை 'ஒயர்' என்பார்கள். உருக்கு இழைகளைச் சேர்த்து முறுக்கிய கம்பி, ஓர் உறைக்குள் ஓடுகிறது. உறையின் உட்புறம் வழவழப்பான பிளாஸ்டிக். வருஷக் கணக்கில் ஓடி இழைகள் ஒவ்வொன்றாக அறுந்தாலோ, உள்ளே துரு ஏறினாலோ, சூடான சைலன்ஸர் குழாயில் பட்டு உறை உருகினாலோ கம்பி பிடித்துக் கொள்ளும். வேறு ஏதோ வேலைக்காகக் கழற்றி மாட்டியவர்கள் கேபிளைச் சரியான வழியில் விடாமல் மடக்கிச் செருகியிருந்தாலும் இதே கதிதான்.

விசித்திரமான காரணம் ஒன்றும் இருக்கிறது. எஞ்சினையும் காரின் உடம்பையும் இணைக்கும் எர்த் ஒயர் அறுந்துவிட்டால், ஸ்டார்ட் செய்யும்போது பாய வேண்டிய மின்சாரம் வேறு வழி தேடும். கிளட்ச் கேபிள் உருக்கு அல்லவா? அதன் வழியாகப் போய் அதைச் சூடாக்கி, உள்ளுறையை உருக்கிவிடும். புதுக் கேபிள் போட்டும் சில மாதத்துக்குள் மறுபடி கெட்டால், "எர்த் ஒயரைப் பார்த்தீர்களா?" என்று கேளுங்கள். மெக்கானிக் உங்களை ஒரு மாதிரி பார்ப்பார். அந்தப் பார்வையில் மரியாதை இருக்கும்.

கேபிள் இல்லாத கார்களில் பெடலுக்குப் பின்னால் ஒரு சிலிண்டரும், கியர் பாக்ஸ் பக்கம் இன்னொரு சிலிண்டரும், இடையில் எண்ணெய்க் குழாயும் இருக்கும். இதில் காற்றுப் புகுந்தாலோ எண்ணெய் கசிந்தாலோ பெடல் கனக்காது. தொளதொளவென்று அமுங்கிப் போகும். கனத்தால் வேறு சந்தேகம். ரப்பர்க் குழாய் உட்புறம் வீங்கி வழியை அடைத்திருக்கலாம். அப்போது பெடல் திரும்பி வருவதிலும் சுணக்கம் இருக்கும். பிரேக் ஆயில் ஊற்ற வேண்டிய இடத்தில் யாராவது எஞ்சின் ஆயிலை ஊற்றிவிட்டாலும் ரப்பர் வாஷர்கள் ஊறிப் பருத்துவிடும். பல கார்களில் பிரேக்குக்கும் கிளட்ச்சுக்கும் ஒரே எண்ணெய்க் கிண்ணம் என்பதால், இது கிளட்ச்சோடு நிற்காமல் பிரேக்கையும் கெடுக்கும். அப்படிச் சந்தேகம் வந்தால் வண்டியை ஓட்டவே கூடாது.

நாலாவதுதான் குடம். ரிலீஸ் பேரிங் நழுவி ஓடும் குழல் வறண்டு போனால் பெடல் சீராக இறங்காமல் தத்தித் தத்தி இறங்கும். பேரிங்கே தேய்ந்திருந்தால், பெடலை மிதித்தவுடன் 'கொர்ர்' என்று முனகும், விட்டால் நின்றுவிடும். 2015 டிசம்பரிலும் 2023 டிசம்பரிலும் சென்னைத் தெருக்களில் வெள்ளம் நின்றபோது எத்தனையோ கார்கள் தண்ணீரில் ஊறின. அப்படி ஊறிய வண்டியில் ஃபோர்க்கின் அச்சு துருப்பிடித்து இறுகிவிடலாம். பழைய கார் வாங்குகிறவர்கள் இதை மறக்கக் கூடாது.

கடைசியாக, அதிரசம் தேய்ந்து போவது. கிளட்ச் பிளேட் தேய்ந்தால் பெடல் லேசாகத்தானே வேண்டும் என்று தோன்றும். அதுதான் இல்லை. பிளேட் மெலிய மெலிய, அந்தத் தாம்பாள வில் உட்கார்ந்திருக்கும் சாய்மானம் மாறுகிறது. அதன் விரல்களை அழுத்த முன்னைவிட அதிக பலம் தேவைப்படுகிறது. அதனால்தான் ஆயுள் முடியப் போகிற கிளட்ச் கனக்கிறது. ஒரேயடியாக அல்ல, தினம் கொஞ்சம் கொஞ்சமாக. நம் காலும் தினம் கொஞ்சம் கொஞ்சமாகப் பழகிக் கொள்கிறது. ஒரு நாள் வேறு யாராவது ஓட்டிப் பார்த்து, "ஐயோ, எப்படி இதை மிதிக்கிறாய்?" என்று கேட்கும்போதுதான் நமக்கே தெரிகிறது.

சரி, இத்தனை காரணங்களில் நம் வண்டிக்கு எது? வீட்டிலேயே ஐந்து கேள்விகளுக்குப் பதில் எழுதி வைத்துக் கொள்ளுங்கள்.

திடீரென்று கனத்ததா, மெள்ள மெள்ளவா? திடீரென்றால் கழன்றதோ அறுந்ததோ ஒன்று இருக்கிறது. மெள்ள என்றால் தேய்மானம் அல்லது துரு.

காலையில் லேசாக இருந்து, அரை மணி ஓடிச் சூடேறியதும் கனக்கிறதா? ஆம் என்றால் கேபிள் அல்லது ரப்பர்க் குழாய் மேல் சந்தேகம்.

மிதிக்கும்போது வழவழவென்று இறங்குகிறதா, ரம்பம் அறுப்பதுபோல் கரகரக்கிறதா? கரகரப்பு என்றால் எங்கேயோ உராய்வு. வழவழப்பாகவும் அதே சமயம் கனமாகவும் இருந்தால் உள்ளே இருக்கும் வில்லைச் சந்தேகிக்கலாம்.

காலை எடுத்ததும் பெடல் சட்டென்று எழுகிறதா, சோம்பலாக எழுகிறதா?

ஆக்ஸிலேட்டரை அழுத்தினால் எஞ்சின் கத்துகிறதே தவிர வண்டி வேகம் எடுக்கவில்லையா? மேட்டில் ஏறும்போது தீய்ந்த வாசனை வருகிறதா? வந்தால் கிளட்ச் பிளேட் தேய்ந்துவிட்டது என்பதற்கு வேறு சாட்சி வேண்டாம்.

இந்தப் பதில்களோடு மெக்கானிக்கிடம் போய் ஒரே ஒரு காரியம் கேளுங்கள்: "கியர் பாக்ஸ் பக்கம் கேபிளைக் கழற்றிவிட்டு பெடலை அழுத்திப் பாருங்கள்." கேபிள் கழன்ற பிறகு பெடலைக் கையாலேயே அமுக்க வர வேண்டும். அப்போதும் கனத்தால், கோளாறு கேபிளிலோ பெடலிலோதான், குடத்தின்மேல் குற்றமில்லை. லேசாகிவிட்டால், கோளாறு கூட்டுக்குள்ளே. ஐந்து நிமிஷ வேலை இது. ஆனால் சின்னக் கார்களில் சில நூறு ரூபாய்ச் செலவா, பல ஆயிரம் ரூபாய்ச் செலவா என்பதை இந்த ஐந்து நிமிஷம் தீர்மானிக்கிறது. ஏனென்றால் கூட்டுக்குள் கை வைக்க வேண்டுமானால் கியர் பாக்ஸையே கீழே இறக்க வேண்டும். எண்ணெய்க் குழாய் வைத்த வண்டியானால் இந்தச் சோதனைக்கு வேறு முறை உண்டு. அதை மெக்கானிக்கே செய்யட்டும். சிலிண்டரைக் கழற்றி வைத்துக் கொண்டு பெடலை மிதித்தால் உள்ளிருக்கும் பிஸ்டன் வெளியே துள்ளி வந்துவிடும்.

சென்னை வாசகிக்கு இந்தக் கேள்விகளை எழுதி அனுப்பினோம். மாடிப்படியில் வலி இல்லை. தங்கையின் காரில் கிளட்ச் பூப்போல இருந்தது. தம் காரில் காலையில் பரவாயில்லை, மத்தியானத்தில் கரகரப்பு. பெடல் சோம்பலாக எழுகிறது. தீய்ந்த வாசனை கிடையாது. பதில்களைப் படித்தபோதே எங்களுக்குக் கேபிள் மேல் சந்தேகம். தெருமுனை மெக்கானிக் கேபிளைக் கழற்றிப் பார்த்தார். பெடல் அப்போதும் கனத்தது. வெளியே உருவினால், பிடித்து வைக்கும் கிளிப் உடைந்து, உறை சைலன்ஸர் குழாயில் பட்டு உருகியிருந்தது. உள்ளே பாதி இழைகள் அறுந்து துடைப்பம் மாதிரி விரிந்து கிடந்தன. புதுக் கேபிள், புதுக் கிளிப், முக்கால் மணி நேரம். "கிளட்ச் செட் நன்றாகத்தான் இருக்கிறது, அம்மா" என்றாராம் மெக்கானிக். கணவர் ஒரு சுற்று ஓட்டிப் பார்த்துவிட்டு, "நான் அப்போதே கேபிள் என்று நினைத்தேன்" என்றாராம். அதை யார் மறுக்க முடியும்?

எல்லாருக்கும் கேபிளோடு போய்விடும் என்று நினைக்க வேண்டாம். சோதனையில் கோளாறு கூட்டுக்குள்ளே என்று தெரிந்தால் செலவுக்குத் தயாராக வேண்டியதுதான். அப்போது கிளட்ச் பிளேட், பிரஷர் பிளேட், ரிலீஸ் பேரிங் மூன்றையும் ஒன்றாக மாற்றிவிடுவதே புத்திசாலித்தனம். ஒன்றை மட்டும் மாற்றிவிட்டு ஆறு மாதத்தில் மறுபடி கியர் பாக்ஸை இறக்கினால் கூலி இரட்டிப்பாகும். கழற்றிய பழைய சாமான்களைக் காட்டச் சொல்லி வாங்கிப் பாருங்கள். உங்கள் பணத்துக்கு வாங்கியவை அவை. கேட்பதில் கூச்சம் எதற்கு?

ஆனால் ஒன்று. எந்தக் காரணமானாலும் 'அப்புறம் பார்த்துக் கொள்ளலாம்' என்று தள்ளிப் போடாதீர்கள். இழை இழையாக அறுகிற கேபிள் கடைசி இழையையும் ஒரு நாள் அறுக்கும். அது வீட்டு வாசலில் அறும் என்று நிச்சயமில்லை. சிக்னலிலோ ரயில்வே கேட்டிலோ அறலாம். அப்படி ஆகிவிட்டால் பதறாமல் பிரேக்கை மிதித்துச் சாவியைத் திருப்பி எஞ்சினை அணைத்துவிடுங்கள். எஞ்சின் நின்றதும் கியரை நீங்களே நியூட்ரலுக்கு மாற்றிவிடுங்கள். நாலு திசை விளக்குகளையும் எரியவிட்டு, யாரையாவது கூப்பிட்டு வண்டியை ஓரமாகத் தள்ளச் சொல்லுங்கள். கியரில் இருக்கும்போது மறுபடி ஸ்டார்ட் மட்டும் செய்யாதீர்கள். வண்டி முன்னால் பாயும்.

மகன் சொன்ன ஆட்டோமாட்டிக் யோசனையும் தப்பில்லை. அம்பாஸடரும் மாருதி 800-ம் உற்பத்தி நின்ற அதே 2014-ல்தான், கியரைத் தானே மாற்றிக் கொள்ளும் சிக்கன ரகக் கார், ஸெலேரியோ என்ற பெயரில் நம் நாட்டுக்கு வந்தது. ஆனால் அதிலும் கிளட்ச் உண்டு. உங்கள் இடது காலுக்குப் பதில் ஒரு யந்திரம் அதை மிதிக்கிறது, அவ்வளவுதான். வசதிக்காக வாங்கினால் வாங்குங்கள். அறுந்த ஒரு கேபிளுக்குப் பயந்து வாங்க வேண்டாம்.

கையில் இருக்கிற கிளட்ச் நீண்ட நாள் உழைக்க மூன்று பழக்கங்கள் போதும். ஓடும்போது இடது காலைப் பெடல் மேல் இளைப்பாற விடாதீர்கள். அதற்குப் பக்கத்தில் இடம் இருக்கிறது. சிக்னலில் நியூட்ரலில் போட்டுவிட்டுக் காலை எடுத்துவிடுங்கள். மேம்பால ஏற்றத்தில் வண்டியை ஹாஃப் கிளட்ச்சில் ஊசலாட்டாமல் ஹாண்ட் பிரேக்கில் நிறுத்துங்கள். பின்னால் நிற்கிறவர் ஹார்ன் அடிப்பார். அடிக்கட்டும், பிளேட் மாற்றப் பணம் கொடுக்கப் போகிறவர் அவரில்லை!